ஏர்வாடி கேட்ட கேள்வி



நம் தொண்டிக்குத் தெற்கே, இதே ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களே. தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை அன்றிருந்த 1987 சட்டம் தரவில்லை.

2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதிவைக்கலாம். நமக்காக முடிவெடுப்பவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோ கைநாட்டு வைத்தோ நியமிக்கலாம். பிறகு மாற்றவும் செய்யலாம். அவரும் நம் விருப்பத்தைக் கருத்தில் கொண்டாக வேண்டும்.

நான் எழுதி என் மகளிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் பேசுங்கள், பிள்ளைகளே.