பெயர் பெறாத நோவு



மலைநாட்டு வரலாற்றைக் கூறுவோர் கோப்பியையும் தேயிலையையும் கூறுவர். துரைமாரையும் கங்காணிமாரையும் கூறுவர். கொழுந்து பறித்த பெண்ணின் அடிவயிற்று நோவைக் கூறுவார் அரியர். அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிக்கென 1872 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1912 இல் அது புதுப்பிக்கப்பட்டது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்ணுக்குத் தெரிந்தன. கூடையைச் சுமந்தவாறே பொறுத்துக்கொள்ளப்பட்ட நோவு கண்ணுக்குத் தெரியவில்லை.

தெரியாத நோயைத் தேடிக் கண்ட வரலாறும் நமக்குண்டு. 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு மாத்தளைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது புழுவின் முட்டைகள் தென்பட்டன. சோம்பல் என்று பழிக்கத்தக்க சோர்வு, குருதி குன்றிய நோயென விளங்கிற்று, மருந்தும் கொடுக்கப்பட்டது.

பெண்களின் நோவுக்கு அத்தகைய விடிவு பிந்தியே வந்தது. கருப்பை உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதை வியன்னாவில் ரொக்கிட்டான்ஸ்கி 1860 இல் விவரித்தார். அமெரிக்கரான சாம்ப்சன் 1920களில் அதனை எண்டோமெட்ரியோசிஸ் என்றார். 1940களில் பாரிஸ் நகரத்துப் பால்மர், வயிற்றினுள் குழாய் செலுத்திப் பார்க்கும் முறையைப் பெண் நோயியலில் வளர்த்தார். பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும் அதனைக் கண்டறியப் பல்லாண்டுகள் செல்கின்றன. சிறுநீர்ப்பை, குடல், தசை ஆகியவற்றின் கோளாறுகளும் இத்தகைய நோவைத் தருமாதலின், தேடல் இன்னும் கடினமாகிறது.

நம் மலைகளிலோ நாணம் ஒரு தடை, மொழி மற்றொன்று. வைத்தியசாலைக்குச் சென்றால் அந்நாட் ‘பேர்’ போய்விடும் என்னும் அச்சம் மூன்றாவது. மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் வராத மாணவியைச் சோம்பேறியெனக் கண்டித்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். வரவு இடாப்பில் நான் கண்டது வெற்றிடத்தை, காணாதது நோவை.

ஹட்டனுக்கு அண்மையில் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு 2017 இல் புதிய கட்டடம் கிடைத்தது. கட்டடம் மட்டும் நோயை அறியாது. நோயாளியின் சொல்லும் வேண்டும். தாய்மாரே, நோவு எந்நாளில், எவ்விடத்தில், எவ்வளவு நேரம் வருகிறதென ஒரு கொப்பியில் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்கான் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது நோவு பொய்யென்பதற்குச் சான்றாகாது.

சோர்வுக்குப் பெயர் கண்ட மலைநாடு, இந்நோவுக்கும் பெயர் காணட்டும்.