265 குதிரை சக்தி இருந்தும் 'கிக்' இல்லையே, ஏன்? ஹாட் ஹேட்ச் கார்கள் தரும் ஏமாற்றத்தின் கணக்கு

2025 மே மாதம் வோக்ஸ்வேகன் நிறுவனம் கோல்ஃப் ஜிடிஐ காரை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அறிமுக ஷோரூம் விலை 52.99 லட்சம் ரூபாய். முதல் கட்டமாக ஜெர்மனியிலிருந்து இறக்குமதியானவை 150 கார்கள் மட்டுமே.

ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 265 குதிரை சக்தி, 370 நியூட்டன் மீட்டர் டார்க், 7 ஸ்பீடு டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். பூஜ்ஜியத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.9 விநாடி போதும்.

ஆனாலும், இந்த ரகக் கார்களை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கும் சிலர் கொஞ்சம் தயங்கி, "சூப்பரா இருக்கு. ஆனா, ஏதோ மிஸ் ஆகுது" என்று சொல்வதுண்டு.

நீங்களும் அப்படி உணர்ந்திருந்தால், உங்களுக்கு கார் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. கார் மோசம் என்றும் அர்த்தமில்லை. அந்த 'ஏதோ' என்ன என்பதற்கு இயற்பியலிலும் கொஞ்சம் எளிய கணக்கிலும் பதில் இருக்கிறது. இத்தனை பணம் போடும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஹாட் ஹேட்ச் என்றால் என்ன?

தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப்போகிற சாதாரண ஹேட்ச்பேக் காரில் வலுவான இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக் பொருத்தினால் அதுதான் ஹாட் ஹேட்ச். வாரநாளில் காய்கறிப் பை, வாரக்கடைசியில் மலைப்பாதை. இரண்டுக்கும் ஒரே கார் என்பதுதான் இதன் கவர்ச்சி.

இந்த ரகத்தைப் பிரபலமாக்கியது 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ. முதலில் 5,000 கார்கள் மட்டும் தயாரிக்கத்தான் திட்டம். வரவேற்பைப் பார்த்து அதை நிரந்தர மாடலாக்கினார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு ஜிடிஐ-களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

- சக்தி: 1976-ல் 110 குதிரை சக்தி, இப்போது 265. ஏறத்தாழ 2.4 மடங்கு.
- எடை: அன்று சுமார் 810 கிலோ, இன்று சுமார் 1,450 கிலோ. ஏறத்தாழ 1.8 மடங்கு.
- ஒரு டன் எடைக்குக் கிடைக்கும் சக்தி: அன்று 136, இன்று 183. வெறும் 1.35 மடங்கு.
- பூஜ்ஜியத்திலிருந்து 100 கி.மீ.: அன்று சுமார் 9 விநாடி, இன்று 5.9 விநாடி.
- டயர்: அன்று 175 மி.மீ. அகலம், 13 இன்ச் வீல். இன்று 225 மி.மீ. அகலம், 18 இன்ச் வீல்.

ஏறிய சக்தியில் பெரும் பகுதியை ஏறிய எடை விழுங்கிவிட்டது. இருந்தும் புதிய கார் எல்லா அளவீட்டிலும் ஜெயிக்கிறது. அப்புறம் ஏன் சிலருக்கு அது சப்பென்று இருக்கிறது? காரணம், இந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் கருவிகள் அளப்பவை. உங்கள் உடம்பு அளப்பது வேறு.

உடம்பு உணர்வது வேகத்தையா?

இல்லை. சீரான வேகத்தை நம் உள்காதால் உணர முடியாது. வேகம் கூடுவது, குறைவது, திசை மாறுவது ஆகியவற்றைத்தான் அது பிடிக்கும். மீதியைக் கண், காது, கை, முதுகு ஆகியவை சொல்லும். அதனால்தான் 130 கி.மீ. வேகத்தில் போகும் வந்தே பாரத்தில் ஹாயாக டீ குடிக்கிறோம். 50-ல் போகும் ஷேர் ஆட்டோவில் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறோம்.

புதிய ஹாட் ஹேட்ச் இந்த விஷயத்தில் ரயிலின் பக்கம் நகர்ந்துவிட்டது. சத்தத்தை வடிகட்டுகிறார்கள், அதிர்வைக் குறைக்கிறார்கள், பாடி ஆடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 90 கி.மீ. வேகம் 60 மாதிரி இருக்கிறது. இன்ஜினியரிங் கண்ணோட்டத்தில் இது வெற்றி. ஆனால் 'கிக்' எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு இதுதான் ஏமாற்றம்.

இன்ஜினின் குணமும் மாறிவிட்டது. 1976 ஜிடிஐ-யின் அதிகபட்ச டார்க் சுமார் 140 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 5,000 ஆர்பிஎம்-ல்தான் வரும். ஓட்டுபவர் கியரைப் பிடித்துவைத்து, இன்ஜினைக் கத்தவிட்டு, அந்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். இன்றைய ஜிடிஐ 1,600 ஆர்பிஎம்-லேயே முழு டார்க்கையும் கொடுத்துவிடுகிறது. சுமார் 4,500 வரை அது குறைவதில்லை. முதல் சீனிலேயே கிளைமாக்ஸ் வந்துவிட்ட படம் மாதிரி. வேகம் வருகிறது; அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கார் அங்கே, ரோடு எங்கே?

டெல்லி அருகே இருந்து ஆக்ரா வரை போகும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயின் நீளம் 165 கி.மீ. கார்களுக்கு வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. பனிமூட்டக் காலத்தில் அதையும் குறைத்துவிடுவார்கள். ஜிடிஐ-யில் ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தினால், சுமார் 80 முதல் 90 மீட்டர் தூரத்தில் அந்த வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம்கூட இல்லை. ஆறு விநாடியில் படம் முடிந்துவிட்டது. மீதி தூரம் முழுக்க க்ரூஸ் கண்ட்ரோல்தான்.

சமதளத்தில் இப்படி ஒரு கார் சீராக 80 கி.மீ. வேகத்தில் போக எவ்வளவு சக்தி தேவை? காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் கூட்டிப் பார்த்தால் 10 முதல் 15 குதிரை சக்தி போதும். மீதி 250-க்கு வேலையே இல்லை.

வளைவிலும் இதே கதைதான். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு மலைப்பாதை வளைவை எடுத்துக்கொள்வோம். பழைய காரின் ஒல்லி டயர் புவியீர்ப்பில் 0.7 மடங்கு பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த வளைவில் அதன் எல்லை மணிக்கு சுமார் 67 கி.மீ. புதிய காரின் டயருக்கு 0.95 என்று வைத்தால் எல்லை சுமார் 78 கி.மீ.

ஸ்டீயரிங் பேசுவதும், டயர் முனகுவதும், கார் லேசாக நழுவுவதும் இந்த எல்லையை நெருங்கும்போதுதான். எதிரே அரசுப் பேருந்து வரக்கூடிய ஒரு வளைவில் 67-ஏ அதிகம். 78-ஐ நெருங்க நினைப்பது விபரீதம். சுவாரஸ்யம் தொடங்கும் இடம், பொதுச்சாலையில் போகக் கூடாத வேகத்துக்குப் போய்விட்டது. மிஸ் ஆகும் அந்த 'ஏதோ'வில் பெரும் பங்கு இதுதான்.

ஸ்டீயரிங், சத்தம், கியர் என்ன ஆயின?

முதல் ஜிடிஐ-யில் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வரும். பின்னாளில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வந்தபோதும் அந்தத் தகவல் ஓரளவு மிஞ்சியது. இப்போது இருப்பது மின்மோட்டார். எரிபொருளை மிச்சப்படுத்தும், பார்க்கிங்கில் ஒற்றை விரலால் திருப்பலாம். ஆனால் டயருக்கும் உங்கள் கைக்கும் நடுவே ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது.

சத்தமும் அப்படித்தான். கேபினுக்குள் அமைதியைக் கொண்டுவந்த நிறுவனங்களே, இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக மறுபடி உள்ளே அனுப்புகின்றன. கியருக்கும் அதே கதி. இப்போதைய கோல்ஃப் ஜிடிஐ-யில் மேனுவல் கியர்பாக்ஸே கிடையாது.

நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஹூண்டாயின் ஐயோனிக் 5 என் என்ற மின்சாரக் காரைப் பாருங்கள். உச்சத்தில் 650 குதிரை சக்தி, 3.4 விநாடியில் 100 கி.மீ. மின்சாரக் காருக்கு கியர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் 8 கியர்கள் இருப்பதுபோல உதறவும், இன்ஜின்போல ஸ்பீக்கரில் உறுமவும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேகம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்காது.

அப்போ பழைய கார்தான் பெட்டரா?

அவசரப்பட வேண்டாம். அந்த 810 கிலோ காரில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லை. இந்தியாவுக்கு வந்த ஜிடிஐ-யில் 7 ஏர்பேக்குகள் இருக்கின்றன. கூடிய எடையில் ஒரு பங்கு, மோதலின்போது உங்களைக் காப்பாற்றுவதற்கான எடை. திடீரென்று நாய் குறுக்கே வந்தால், மழையில் பிரேக் பிடிக்க நேர்ந்தால், நீங்கள் இருக்க விரும்புவது புதிய காரில்தான்.

ஆக, நாம் இழந்ததற்குப் பதிலாக ஒன்றைப் பெற்றிருக்கிறோம். அந்தப் பேரம் உங்களுக்கு லாபமா என்பதுதான் கேள்வி.

'கிக்' தேடி வேகத்தைக் கூட்டினால்?

ஆபத்து தொடங்குவது இங்கேதான். 80-ல் ஒன்றும் தெரியவில்லை என்றால், கால் தானாக 120-க்குப் போகும். உடம்புக்கு அது 80 மாதிரியே இருக்கும். ஆனால் இயற்பியலை ஏமாற்ற முடியாது. 80-லிருந்து 120-க்குப் போனால் மோதலில் வெளிப்படும் ஆற்றல் 2.25 மடங்காகிறது. காய்ந்த ரோடு, நல்ல டயர், ஒன்றரை விநாடியில் ரியாக்ட் செய்யும் டிரைவர் என்று வைத்துக்கொண்டாலும், 80-ல் நிற்க சுமார் 65 மீட்டர் வேண்டும். 120-ல் சுமார் 120 மீட்டர். 55 மீட்டர் கூடுதல்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71.2 சதவீத மரணங்கள் அதிவேகத்தோடு தொடர்புடையவை. இறப்பவர் காருக்குள் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இந்தியாவில் வேறு என்ன இருந்தது?

நம் ஊரில் இந்த ரகம் பெரும்பாலும் சின்ன இன்ஜினில்தான் வந்தது. காரணம் வரி. 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சிசி-க்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அப்படிப்பட்ட கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம்.

2015-ல் ஃபியட் அபார்த் புன்டோ 145 குதிரை சக்தியுடன் 9.95 லட்சம் ரூபாய்க்கு வந்தது. 2016-ல் போலோ ஜிடிஐ 25.99 லட்சத்துக்கு வந்து, பிறகு 19.99 லட்சமாக இறங்கியது. 2017-ல் மாருதி பலேனோ ஆர்எஸ், 2018-ல் டாடா டியாகோ ஜேடிபி. 2021-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரான ஹூண்டாய் ஐ20 என் லைன், 2024-ல் டாடா அல்ட்ராஸ் ரேசர். இரண்டும் 120 குதிரை சக்தி.

இவை எதுவும் வேகத்தில் கோல்ஃபுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் 120 குதிரை சக்தி காரில், சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே இன்ஜினை முழுசாகப் பயன்படுத்திய திருப்தி கிடைக்க வாய்ப்பு அதிகம். மேனுவல் கியர் இருந்தால் இன்னும் அதிகம்.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும்?

- 40 முதல் 80 கி.மீ. வேகத்துக்குள் மட்டும் ஓட்டுங்கள். நீங்கள் வாழப்போவது அந்த வேகத்தில்தான். அங்கே சிரிப்பு வரவில்லை என்றால், வாங்கிய பிறகும் வராது.
- மியூசிக், ஏசி இரண்டையும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இன்ஜின் பேசுகிறதா என்று கேளுங்கள்.
- ஸ்போர்ட், கம்ஃபர்ட் இரண்டு மோடிலும் அதே ரோட்டில் போங்கள். மாறுவது ஸ்டீயரிங்கின் கனம் மட்டுமா, தகவலும் கூடுகிறதா?
- பேடில் ஷிஃப்டில் கியர் மாற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அலுத்துப்போய் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பிவிட்டீர்களா? அதுவும் ஒரு பதில்தான்.
- மோசமான ரோட்டில் கட்டாயம் ஓட்டுங்கள். 18 இன்ச் வீலில் டயரின் பக்கச்சுவர் வெறும் 90 மி.மீ. நம் ஊர்க் குழி அதற்கு இரக்கம் காட்டாது.
- இஎம்ஐ-யைக் கூட்டிப் பாருங்கள். 42 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதம் சுமார் 87,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், சாலை வரி, டயர் எல்லாம் தனி.

காரின் முழுத் திறனையும் பார்க்க ஆசை என்றால் அதற்கான இடம் ரேஸ் டிராக். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவையில் கரி ஸ்பீட்வே, கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பந்தயத்தையும் வேகப் பரிசோதனையையும் கவர் செய்வதில்லை. டிராக்குக்குப் போகும் முன் உங்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள்.

சுருக்கமாக...

அமைதியான, பாதுகாப்பான, தேவைப்பட்டால் பாயக்கூடிய ஒரு நல்ல கார் வேண்டும் என்றால், இன்றைய ஹாட் ஹேட்ச் அதை நிறைவாகவே தரும். கை, காது, முதுகு எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும் கார் வேண்டும் என்றால், குறைந்த சக்தி, குறைந்த எடை, மேனுவல் கியர் என்று தேடுங்கள். பாதி விலைக்கும் கீழே முடிந்துவிடும். ஸ்பெக் ஷீட்டில் 5.9 விநாடி என்று எழுத ஒரு வரி இருக்கிறது. உங்களுக்கு அது பிடிக்குமா என்று எழுத அதில் இடமில்லை. அதை நீங்கள்தான் ஓட்டிப் பார்த்து நிரப்ப வேண்டும்.