நம் எம்.பி. நாடாளுமன்றத்தில் என்ன செய்தார்? பதிவைப் படித்து அறியும் முறை

ஒரு மசோதா நிறைவேறிய மறுநாளே வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. இன்னார் ஆதரித்தார், இன்னார் அவைக்கே வரவில்லை என்று. செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது ஸூரத்துல் ஹுஜுராத் (49:6) நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம். ஒரு மக்கள் பிரதிநிதியைப் புகழும்போதும் பழிக்கும்போதும் இந்த ஒழுக்கம் பொருந்தும். விசாரிக்கும் வழி கடினமானதும் அல்ல.

முதலில், உங்கள் எம்.பி. யார்?

கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2019 தேர்தலில் காங்கிரஸின் அ.செல்லக்குமார் வென்றார். 2024இல் அதே கட்சியின் கே.கோபிநாத் வென்றார். முன்பு ஓசூர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த இவர், மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றவர்.

எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் குடியேறி, வாக்காளர் அட்டையையும் அங்கே மாற்றிக்கொண்டவர்களுக்கு எம்.பி. வேறு. அவர்கள் பெங்களூரு ஊரகத் தொகுதியின் வாக்காளர்கள். 2024இல் அங்கே வென்றவர் பாஜகவின் டாக்டர் சி.என்.மஞ்சுநாத். அண்ணன் ஓசூரிலும் தம்பி அத்திப்பள்ளியிலும் இருந்தால், வக்ஃப் சட்டத்தில் நேர் எதிரான நிலை எடுத்த இரு கட்சிகளின் உறுப்பினர்கள் அவர்களுக்குப் பிரதிநிதிகள்.

வாக்கு எப்படிப் பதிவாகிறது?

பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற குரல்களைக் கேட்டு அவைத்தலைவர் முடிவை அறிவிப்பார். அதில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பெயர்ப்பதிவு கிடையாது. உறுப்பினர்கள் வற்புறுத்தினால்தான் ‘டிவிஷன்’ எனப்படும் எண்ணிக்கை வாக்கெடுப்பு நடக்கும். அப்போது ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்தி வாக்களிப்பார்கள். அந்தப் பெயர்ப்பட்டியல் அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். பரவும் பட்டியலை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

நம் சமுதாயத்தைத் தொட்ட மூன்று மசோதாக்களின் எண்ணிக்கை இது:

முத்தலாக் மசோதா, 2019 ஜூலை: மக்களவையில் ஆதரவு 303, எதிர்ப்பு 82. மாநிலங்களவையில் 99, 84.

குடியுரிமைத் திருத்த மசோதா, 2019 டிசம்பர்: மக்களவையில் 311, 80. மாநிலங்களவையில் 125, 105.

வக்ஃப் திருத்த மசோதா, 2025 ஏப்ரல்: மக்களவையில் 288, 232. மாநிலங்களவையில் 128, 95.

வெளிநடப்பு எதிர்ப்பு வாக்காகுமா?

ஆகாது. அரசியலமைப்பின் 100ஆவது பிரிவின்படி, அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை கிடைத்தாலே மசோதா நிறைவேறிவிடும். வெளியேறுபவர் கணக்கில் வரமாட்டார். முத்தலாக் மசோதாவின்போது மாநிலங்களவையில் அதிமுக வெளிநடப்புச் செய்தது. ஆளும் தரப்புக்குத் தனிப் பெரும்பான்மை இல்லாத அந்த அவையில், இத்தகைய வெளிநடப்புகளால் தேவையான எண்ணிக்கை குறைந்தது. 15 வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. ஆகவே ‘கண்டித்து வெளியேறினார்’ என்ற செய்தியைப் படித்தால், அதனால் யாருக்குப் பயன் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வாக்கு கட்சியுடையது, உழைப்பு உறுப்பினருடையது

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். எனவே முக்கிய மசோதாக்களில் ஒருவரின் வாக்கு பெரும்பாலும் அவருடைய கட்சியின் வாக்குதான். அதைத் தேர்தலுக்கு முன்பே கட்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்தலுக்குப் பின் தனிமனிதரிடம் கேட்க வேண்டியவை வேறு. வாக்கெடுப்பு நேரத்தில் அவையில் இருந்தாரா? விவாதத்தில் பேசினாரா? என்னென்ன கேள்விகள் கேட்டார்?

வருகைச் சதவீதம் மட்டும் இதற்குப் போதாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் வாக்கெடுப்பு நேரத்தில் இருக்கையில் இருந்தார் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. வக்ஃப் மசோதா மீதான மக்களவை வாக்கெடுப்பு நள்ளிரவைத் தாண்டி நடந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கேள்விகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் பொருள் முக்கியம். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்பட்டதை 2022 டிசம்பரில் அரசு மக்களவையில் ஒப்புக்கொண்டது, கேரள எம்.பி. டி.என்.பிரதாபன் கேட்ட கேள்விக்கான பதிலில்தான். ஒரு கேள்வி இவ்வளவு செய்ய முடியும்.

எங்கே பார்ப்பது?

சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைத் தேடினால் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் கிடைக்கும். அவை விவாதங்களும் அங்கேயே உள்ளன. பிஆர்எஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் தளம் வருகை, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றைத் தொகுத்துத் தருகிறது.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

மக்களவையில் கேள்வி கேட்க உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆகவே பட்ஜெட், மழைக்கால, குளிர்காலக் கூட்டத்தொடர்கள் தொடங்கும் முன்பே எம்.பி. அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் பாதை, உமீத் தளத்தில் வக்ஃப் சொத்துப் பதிவில் முத்தவல்லிகள் படும் சிரமம், நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் கடிதம் போதும். கூட்டத்தொடர் முடிந்ததும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதா என்று தளத்தில் பாருங்கள். கேட்டிருந்தால் நன்றி சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் காரணம் கேளுங்கள்.

வாக்கு ஓர் அமானிதம். அதைக் கொடுத்த நாளோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. கொடுத்தவர் கணக்குக் கேட்பதும், கேட்கும்போது நீதி தவறாமல் கேட்பதும் அந்த அமானிதத்தில் சேர்ந்தவையே. உண்மையை அறிந்து பேசுபவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக.