தழும்பும் வீசாவும்

நோயாளியை அஞ்சுவது பழைய வழக்கம்; நோயிலிருந்து மீண்டவனை அஞ்சுவது அதனினும் கொடிய வழக்கம். பிறநாடுகளுக்கு உழைக்கச் செல்வோர்மீது விதிக்கப்பட்ட வைத்தியப் பரிசோதனையின் வரலாற்றை நோக்குமிடத்து, அங்கே வைத்தியத்தின் குரலோடு வேறொரு குரலும் கலந்தொலிப்பதை நாம் கேட்கலாம்.

ஆபத்தான தொற்றுநோய் உடையோரை ஐக்கிய அமெரிக்கா 1891ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விலக்கியது. மறு ஆண்டு நியூயோர்க் துறைமுகத்தில் எலிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. கப்பலின் அடித்தட்டில் வந்த ஏழைகள் அங்கே வரிசையாக நிறுத்தப்பட்டுக் கண்ணிமை புரட்டிச் சோதிக்கப்பட்டனர். முதலாம், இரண்டாம் வகுப்புப் பிரயாணிகளோ கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்க்கப்பட்டுக் கரையிறங்கினர். கிருமி வகுப்புப் பேதம் அறியாது. பரிசோதனை அதனை நன்கறிந்திருந்தது.

நமது மலையகத்தின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர், இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். அம்மைப்பால் குத்தப்பட்டது, கொளுக்கிப்புழு நோய்க்கு மருந்தும் புகட்டப்பட்டது. அதில் அவமதிப்பு மிகுதியாக இருந்தது. ஆயினும் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தமையால், நோயை நீக்கி ஆளை ஏற்றுக்கொண்டனர்.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர், நம் நாட்டு ஏழை மக்கள் வளைகுடா நாடுகளை நோக்கிப் பெருந்தொகையாகச் செல்லலாயினர். அங்கே நிலை மாறிற்று. மார்பின் எக்ஸ்றே படத்தில் பழைய கசநோயின் தழும்பு காணப்பட்டாலே, தொழில் வீசா கேட்பவர் தகுதியற்றவரென ஒதுக்கப்படுகிறார்.

விஞ்ஞானம் கூறுவது வேறு. கசநோய்க் கிருமியை 1882இல் றொபேட் கொக் கண்டறிந்தார். 1940களில் ஸ்ரெப்ரோமைசினும் 1952இல் ஐசோனியாசிட்டும் அந்நோயின் கொடுமையை அடக்கின. இன்று பெரும்பாலான நோயாளர் ஆறு மாத மருந்தினால் குணமடைகின்றனர். நுரையீரலில் தழும்பு உண்டென்பதை எக்ஸ்றே காட்டும். நோய்க்கிருமி உயிரோடுள்ளதா என்பதைச் சளிப் பரிசோதனையே தெளிவாக்கும். ஆறிய புண்ணின் தழும்பு எவரையும் தொற்றுவதில்லை.

அவ்வாறாயின் இவ்விதி நிலைப்பதேன்? ஒருவரை ஒதுக்கினால் அவ்விடத்துக்கு வர ஆயிரம்பேர் வரிசையில் நிற்கின்றனர். மீண்டும் சோதிப்பதைவிட ஒதுக்குவது மலிவானது. மண்டபத்தில் மருந்து கொடுக்கச் செய்ததும், இங்கே கதவடைக்கச் செய்வதும் உழைப்புச் சந்தையின் கணக்கே.

இதனால் விளையும் தீங்கு தொழிலாளியோடு முடிவதில்லை. தழும்பே குற்றமாகும்போது, இருமுகிறவர் வைத்தியசாலையை நாட அஞ்சுவார்; மறைக்கப்பட்ட நோய் வீட்டாரையும் பற்றும்.

மாற்றம் இயலாததன்று. வீசாவைப் புதுப்பிக்கும்போது கசநோய் காணப்பட்டவர்களை நாடுகடத்தாது, சிகிச்சையளித்து இருக்கவிடும் முடிவை ஐக்கிய அரபு இராச்சியம் 2016இல் எடுத்தது. புதிதாகச் செல்வோருக்கும் சளிப் பரிசோதனையும் சிகிச்சை முடித்த சான்றிதழுமே அளவுகோலாக வேண்டும். தொழிலாளரின் வியர்வையால் அந்நியச் செலாவணி பெறும் நமது அரசு, தொழில் ஒப்பந்தங்களில் இதனைக் கேட்டுப் பெறுதல் கடமையாகும். அதனைக் கேட்கச் செய்வது நமது கடமையாகும்.