மரச்சட்ட வீடும் அறைப்பெயர்களின் பொருள்மாற்றமும்

இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் பெருகிய மரச்சட்ட வீடுகளுள் ஒருவகை ‘வீல்டன் வீடு’ எனப்படும். கென்டின் சிடிங்ஸ்டோன் பகுதியில் இருந்த பேய்லீஃப் வீடு இதற்குத் தக்க சான்று. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பெற்ற இவ்வீடு, நீர்த்தேக்கம் ஒன்றன் பொருட்டு 1968-69இல் பிரிக்கப்பட்டு, பின்னர்ச் சசெக்சின் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுவப்பட்டது.

ஒரு வீட்டைப் பிரித்து வேறிடத்தில் கோப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இவ்வகை வீடு தொடக்கத்திலேயே கோக்கப்பட்டதுதான். தச்சர் ஈரம் காயாத ஓக் மரத்தைச் செதுக்கி, ஒரு சட்டத்தின் முனையை மற்றொன்றின் துளையில் பொருத்தி, ஓக் முளை அடித்து இறுக்கினர். எத்துண்டு எதனுடன் சேரும் என்பதற்கு ரோமன் எண்களை ஒத்த குறிகளை வெட்டிவைத்தனர். பாரம் முழுவதும் சட்டத்தினுடையது. இடைவெளிகளை அடைத்த களிமண் பூசிய தட்டிக்கு அப்பணி இல்லை.

வீட்டின் நடுவே கூரைவரை திறந்த பெருங்கூடம், அதுவே ‘ஹால்’. இருபுறமும் மாடியறைகள் முன்னோக்கி நீண்டிருக்க, கூடத்தின் முகப்பு உள்வாங்கி நிற்கும். மூன்றிற்கும் கூரை ஒன்றே. புகைபோக்கி கிடையாது. கூடத்தின் தரையில் எரிந்த தீயின் புகை கூரை வழியே வெளியேறியது. இத்தகைய வீடுகளின் கைமரங்களில் படிந்துள்ள கரியே அங்குத் திறந்த கூடம் இருந்ததை இன்று ஆய்வாளருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் புகைபோக்கி பரவியதும் கூடத்தின் குறுக்கே மாடித்தளம் இடப்பட்டது. உண்ணவும் அமரவும் தனியறைகள் தோன்றத் தோன்ற, ‘ஹால்’ படிப்படியே சுருங்கி, இன்றைய ஆங்கிலேயர் வீட்டில் வாயிலை அடுத்த நடையைக் குறிப்பதாயிற்று. தமிழர் கடன்பெற்ற ‘ஹால்’ என்னும் சொல்லோ குடும்பம் கூடும் பெரிய அறையையே சுட்டுகிறது. இவ்வகையில் அது பழம்பொருளுக்கு நெருக்கமானது. எனவே இக்கால ஆங்கிலப் புதினத்தில் ஒருவர் ‘ஹாலில்’ மேலங்கியைக் கழற்றி மாட்டுவதை அப்படியே தமிழில் எழுதினால், வாசகர் காணும் இடமே வேறாகிவிடும். 15ஆம் நூற்றாண்டு ஆவணமாயின் ‘கூடம்’ பொருந்தும்; இக்கால வீடாயின் ‘நடை’ என்பதே முறை.

கூடத்தின் கீழ்முனையில் ‘பட்டரி’, ‘பான்ட்ரி’ என இரு சிற்றறைகள் இருந்தன. இரண்டும் நார்மானியப் பிரெஞ்சுவழி வந்த சொற்கள். முன்னதை வெண்ணெய் அறை எனக் கொள்வது ஒலி விளைத்த மயக்கம். பீப்பாயைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த அது, மது முதலிய பானங்கள் வைத்த அறை. பின்னது ரொட்டியின் பெயரால் அமைந்தது.

‘விண்டோ’ என்பது பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண் எனப் பொருள்பட்ட தொகைச்சொல். கால் என்னும் காற்றுக்கு அதராகிய வழி எனத் தமிழ் ‘காலதர்’ அமைந்ததும் இத்தகைய நோக்கிலேயே. இஃது உறவன்று, ஒப்புமையே. பேய்லீஃப் வீட்டுச் சன்னல்களில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக்கம்பிகளும் அடைக்கும் பலகைகளுமே உள்ளன.