புழல் ஏரி நீரும் வெயிலும்
அம்பத்தூருக்கு வடக்கே உள்ள புழல் (செங்குன்றம்) ஏரியிலிருந்து 1872-இல் சென்னை நகருக்குக் குடிநீர் வரத் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் வரை அது திறந்த மண் கால்வாயில்தான் ஓடியது. மட்கிய இலைதழைகளிலிருந்து நீரில் கரையும் கரிமப் பொருள்களை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கும். ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக மாறும், இன்னொரு பகுதி நுண்ணுயிர்களுக்கு எளிதில் இரையாகும். பனியாறுகளின் உருகுநீரிலும் இதே வினை நிகழ்கிறது. ஆனால் வெயில் பட்டால் நீர் தூய்மையாகிவிடும் என்பது பாதி உண்மையே. கலங்கல் நீரில் கதிர்கள் ஆழமாக இறங்குவதில்லை. அதே வெயிலில் பாசி செழித்துப் புதிய கரிமப் பொருள்களைச் சேர்க்கிறது. திறந்த கால்வாயிலோ வழியில் அழுக்கும் கலக்கும். பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி காலத்தில் மூடிய கால்வாய் கட்டப்பட்டது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகள் வந்தன. அவ்வகை வடிகட்டியில் மணலின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம், வெயில் விட்டுவைத்த கரிமப் பொருள்களில் ஒரு பங்கை உண்டுவிடும்.