2003–04 பிரீமியர் லீக்

2003–04 பிரீமியர் லீக் என்பது இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் 12ஆவது பருவமாகும். 2003 ஆகஸ்ட் 16 முதல் 2004 மே 15 வரை நடைபெற்ற இப்பருவத்தில் 20 கழகங்கள் பங்கேற்று, தலா 38 ஆட்டங்கள் ஆடின.

வாகையர்

ஆர்சன் வெங்கரை மேலாளராகக் கொண்ட ஆர்சனல் கழகம், ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் 26 வெற்றி, 12 சமநிலையுடன் 90 புள்ளிகள் பெற்று வாகை சூடியது. செல்சீ 79 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. ஆர்சனலின் தியெரி ஆன்றி 30 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார்.

இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியில் தோல்வியின்றிப் பட்டம் வென்ற முதல் கழகம் பிரெஸ்டன் நார்த் எண்ட் (1888–89) ஆகும். ஆயினும், அப்பருவத்தில் அது ஆடியவை 22 ஆட்டங்களே. ஆர்சனலின் தோல்வியற்ற தொடர், முந்தைய, அடுத்த பருவங்களின் ஆட்டங்களையும் சேர்த்து 49 ஆக நீண்டு, 2004 அக்டோபர் 24 அன்று மான்செஸ்டர் யுனைட்டெடிடம் 2–0 எனத் தோற்றபோது முடிவுற்றது.

தரமிறக்கம்

லெஸ்டர் சிட்டி, லீட்ஸ் யுனைட்டெட், வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் ஆகிய மூன்றும் தலா 33 புள்ளிகளுடன் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டன. இவற்றுள் லீட்ஸ், 2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை முன்னேறிய கழகமாகும். பெருங்கடன் காரணமாக முன்னணி வீரர்களை விற்க நேர்ந்ததால் அது வலுவிழந்தது. மீண்டும் முதல்நிலைக்கு வர அக்கழகத்திற்கு 2020 வரை, 16 ஆண்டுகள் ஆயின.